நகராத கப்பல்

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் சான்டா கிளாராவில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். மீதிப் பேர், 'அவரா, ரொம்ப நல்ல மனுஷனாச்சே' என்று எனக்கு வாட்ஸப்பில் எழுதுவார்கள். நல்ல மனுஷன்தான். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. பொய் சொன்னதில்லை, இதை நான் சத்தியம் பண்ணியே சொல்வேன். வீட்டுக்கு யார் போனாலும் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார்கூட ஒட்டியிருக்காமல் சுளை சுளையாகத் தட்டில் வைத்து நீட்டுவார். அப்படிப்பட்ட ஒருவரை நான் இத்தனை வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாரநாட்களில் அவர் ஒரு சிப் கம்பெனியில் டைரக்டர். என் கணவன் கதிர் அவருடைய டீமில்தான் இருந்தான். சனிக்கிழமை ஆனால் அவர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் எதிர்க்கரைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு பழைய போர்க்கப்பலை அருங்காட்சியகமாக்கிக் கட்டிப்போட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வாலண்டியர் வேலை அவருக்கு. நீலத் தொப்பி, சட்டையில் பெயர்ப்பட்டை, பளபளவென்று துடைத்த ஷூ. கடற்படை பக்கமே போனவரில்லை. ஏரியில் பெடல் படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். கட்டிப்போட்ட கப்பல் என்பதால் அது ஒன்றில் மட்டும் அவரால் நிற்க முடிந்தது.

மற்ற வாலண்டியர்கள் பீரங்கியைக் காட்டுவார்கள், மாலுமிகள் தூங்கிய தொட்டில்களைக் காட்டுவார்கள். இவர் கூட்டத்தை நேராக மேல்தளத்துக்கு ஏற்றிப் புகைபோக்கிக்குக் கீழே நிறுத்திவிடுவார். விமானங்கள் முதன்முதலாகப் பெருங்கடலைத் தாண்டப் பார்த்த காலத்தைப் பற்றித்தான் அவருடைய பேச்சு முழுக்க இருக்கும். மரச்சட்டத்தில் துணியைப் போர்த்திய விமானம். கீழே எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். வழி தவறாமல் இருக்க, போகும் பாதை நெடுகக் கடற்படைக் கப்பல்களை வரிசையாக நிறுத்திவைப்பார்கள். பகலில் புகைபோக்கி வழியாகக் கரும்புகை விட வேண்டும். இருட்டினால் விளக்கை வானத்துக்கு அடிக்க வேண்டும். மேலே பறக்கிறவன் ஒரு புகையைப் பிடித்து அடுத்த புகைக்குப் போய், அப்படியே கரை சேர வேண்டும்.

"கப்பலுக்கு ஒரே ஒரு வேலை" என்பார். "சொன்ன எடத்துல நிக்கணும். பொகை விடணும். நகரவே கூடாது. இவன் தடுமாறுறானேன்னு அது நகர்ந்துச்சுன்னா, பின்னாடி வர்றவன் எத நம்பி வருவான்?"

கரை சேர்ந்தவர்களின் கதையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். சேராதவர்களிடம் வந்ததும் குரல் குழையும், கண்ணாடி நெற்றிக்கு ஏறும். உலகத்தைச் சுற்றக் கிளம்பிய ஒரு பெண் விமானியின் கதை அவருக்கு உயிர். பசிபிக் நடுவில் பொட்டு மாதிரி ஒரு தீவு. அதை ஒட்டி அவளுக்காக ஒரு அரசாங்கக் கப்பல் நின்றது. காலையிலிருந்து புகை விட்டது. அவள் பேசியது கப்பலின் ரேடியோவில் பக்கத்து ரூமில் பேசுகிற மாதிரி கேட்டது. கப்பல் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் குரலும் நின்றுபோயிற்று. அதோடு கதையை முடித்துவிட்டு அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார்.

முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனித்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "கப்பல் மேல தப்பே இல்லம்மா" என்றார்.

அந்தக் கதையை அவர் சனிக்கிழமை மட்டும் சொன்னார். மற்ற ஆறு நாளும் அதை வாழ்ந்துகொண்டிருந்தார். இது எங்களுக்குப் புரியச் சில வருஷம் ஆனது.

கதிர் முதன்முதலாகச் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் வந்து இறங்கிய கதையை எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். அவனைக் கூட்டிப்போக வருவதாக டைரக்டரே சொல்லியிருந்தார். இவன் ரெண்டு பெட்டியும் ஒரு ஊறுகாய்ப் பையும் ஏற்றிய டிராலியைத் தள்ளிக்கொண்டு இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் அலைந்தான். போனில் சிம் இல்லை. ஒரு சீனக் கிழவியிடம் போனை இரவல் வாங்கி அவரைக் கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை. கடைசியில் பார்த்தால், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நீலத் தொப்பி. கிட்டத்தட்ட ஒரு மணி நேரமாக அவர் அங்கேதான் நின்று, இவன் அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க கதிர். நான் அப்பவே வந்துட்டேன். தொப்பி போட்டிருப்பேன்னு மெயில்ல எழுதியிருந்தேனே" என்றார். எழுதியிருந்தார், உண்மைதான்.

"பாவம், அவ்ளோ நேரம் கால் கடுக்க எனக்காக நின்னிருக்காரு" என்று கதிர் முடிப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்து சலீம். கீழக்கரைப் பையன், டீமுக்குப் புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு விருந்துக்கு வந்தவன், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத காரை, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டான். அவர் பால்கனியில் நின்று பார்த்தார். சலீம் மேலே வந்ததும், "இந்தத் தெருவுல பார்க்கிங் எல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட் ஆயிடுச்சுப்பா" என்றார். சலீம், "ஆமா சார், எங்க ஏரியாலயும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பிரியாணித் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து இழுவை வண்டி வந்தது. அவர்தான் முதலில் பார்த்தார். தொண்டையை ஒரு தடவை செருமினார், அவ்வளவுதான். சலீமின் காரை அவர்கள் கொக்கியில் மாட்டி, தூக்கி, தெருமுனை திரும்புகிறவரை பால்கனியிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து ஆரஞ்சுத் தட்டைச் சலீமிடம் நீட்டி, "நான் சொன்னேனேப்பா" என்றார். அந்தக் குரலில் துளிக் கிண்டல் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார், கூடவே நிஜமாகவே சந்தோஷப்பட்டார். இரண்டும் ஒரே முகத்தில் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் மனைவியை நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். ஆன்ட்டிக்கு அவருடைய செருமல் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தெரியும். தெரிந்துகொள்ளாமல் அந்த வீட்டில் இருக்க முடியாது. ஒரு பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலில் ஆன்ட்டி சர்க்கரை என்று நினைத்து உப்பு டப்பாவைத் திறந்தார். அவர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு செருமல். ஆன்ட்டி என்னோடு பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. முழு டப்பாவும் உருளிக்குள் போயிற்று. முப்பது பேருக்கான பொங்கல் குப்பைக்குப் போனபோது அவர், "உங்க ஆன்ட்டி பேச ஆரம்பிச்சா வேற எதையும் பாக்க மாட்டா" என்றார். ஆன்ட்டி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. கார் ஓட்டும்போதுகூட ஆன்ட்டியின் கண் ரோட்டில் பாதி நேரம்தான் இருக்கும். மீதி நேரம் பக்கத்து சீட்டில் இருக்கிற அவர் முகத்தில் இருக்கும். ஃப்ரீவேயில் அந்தக் காரில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

இவ்வளவு தெரிந்தும் நாங்கள் ஏமாந்தோம்.

எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். அந்தச் சமயம் டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் ஒரு கம்பெனி கதிருக்கு ஆஃபர் கொடுத்தது. எச்-1பி விசாவை அவர்களே மாற்றிக்கொள்வார்கள். சம்பளம் ஏறக்குறைய இதேதான். இந்த நிலைமையில் டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு போவதா என்று எங்களுக்குக் குழப்பம். கதிர் அவரிடம் போய்க் கேட்டான். போகட்டுமா, இருக்கட்டுமா என்று வெளிப்படையாகவே கேட்டான்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "இந்த வருஷம் நம்ம ஊர்ல குளிர் சீக்கிரமே வரும்னு சொல்றாங்க கதிர்" என்றார்.

கதிர் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான். "போன்னு சொல்லலை. அப்ப இருன்னுதான் அர்த்தம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. பெரியவர் வாயிலிருந்து 'போ' என்று வராவிட்டால் 'போகாதே' என்று எடுத்துக்கொள்வோம். 'சார், என் வேலைக்கு ஆபத்தா?' என்று முகத்துக்கு நேராக இன்னொரு கேள்வி கேட்பது மரியாதையில்லை. அமெரிக்காவுக்கு வந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட நாங்கள் இதை மட்டும் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தோம். டெக்சாஸ்காரர்களுக்குக் கதிர் நன்றி சொல்லி மறுத்து எழுதினான்.

வளைகாப்பை அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் வைத்தோம். எல்லாரும் குழந்தைத் துணி, தொட்டில் பொம்மை என்று கொண்டுவந்தார்கள். அவர் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தார். பிரித்தால், பெட்டியின் எடை பார்க்கிற தராசு. ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்ப்போமே, அது. கிளப் ஹவுஸே சிரித்தது. "குழந்தை வெயிட் பாக்கவா அங்கிள்?" என்று யாரோ கேட்டார்கள். அவரும் சிரித்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. ஆன்ட்டி மட்டும் எனக்கு வளையல் போட வந்தவர், என் கையைப் பிடித்தபடி விடாமல் நின்றார். நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் லேஆஃப். கதிரோடு சேர்த்து டீமில் பாதிப் பேர். சலீமும் போனான்.

இதையெல்லாம் அனுபவிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். எச்-1பி விசாவில் இருக்கிறவனுக்கு வேலை போனால் கையில் இருப்பது இரண்டு மாத அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் அவனைச் சார்ந்த விசாவில் இருந்தேன், அவன் கிளம்பினால் நானும் கிளம்ப வேண்டும். எனக்கோ இன்னும் சில வாரம் போனால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். இருக்கவும் முடியாது, போகவும் முடியாது என்கிற நிலைமைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ரிச்சர்ட்சன் கம்பெனி அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டது. கதிர் விண்ணப்பம் போடாத இடம் இல்லை. ஓர் இடம் மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. சான்டா கிளாராவிலேயே இருந்த ஒரு கம்பெனி, கதிர் செய்துகொண்டிருந்த அதே வேலை. அந்த டீமின் தலைவர் எங்கள் டைரக்டரோடு ஒரே காலேஜில் ஒரே ரூமில் இருந்தவர். ஒரு போன் பண்ணினால் போதும். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு போன்தான்.

கதிர் அவருக்கு மெசேஜ் அனுப்பினான். "சனிக்கிழமை கப்பலுக்கு வாங்களேன், பேசலாம்" என்று பதில் வந்தது.

போனோம். வாகனம் நிறுத்துமிடத்தில் அவரும் ஆன்ட்டியும் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். ஆன்ட்டி காரை நிறுத்திவிட்டு, என் வயிற்றைப் பார்த்து, கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, நீங்க..." என்று ஆரம்பித்தார். அவர் தொண்டையைச் செருமினார். கண்ணாடி மேலே ஏறிக்கொண்டது. உள்ளே இருந்து ஆன்ட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு குரூப் வெயிட் பண்ணுது, முடிச்சுட்டு வந்துடறேன்" என்று அவர் மேலே போய்விட்டார். என்னால் அந்த இரும்புப் படிகளில் ஏற முடியவில்லை. கீழ்த்தளத்தில் இன்னொரு வாலண்டியர், தலை முழுக்க நரைத்த வெள்ளைக்காரப் பெண்மணி, எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மேலிருந்து டைரக்டரின் குரல் இறங்கி வந்தது. அதே தீவு, அதே புகை, அதே ரேடியோ. கதை முடிந்ததும் எனக்கு ஏனோ, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி வாயில் வந்தது. அப்புறம் அந்தக் கப்பல் என்ன செய்தது என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். தேடப் போனது என்றார். அன்றைக்குக் காலையிலேயே நின்ற இடத்தை விட்டுக் கிளம்பி, அவள் விழுந்திருக்கலாம் என்று தோன்றிய திசையில் போனது. பிறகு கடற்படை பெரிய கப்பல்களை அனுப்பியது, ஒரு விமானந்தாங்கிக் கப்பலைக்கூட அனுப்பியது. வாரக்கணக்கில் கடலைச் சல்லடை போட்டார்கள். "வேறென்ன செய்வார்கள்?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

அதை டைரக்டர் எங்களுக்குச் சொன்னதே இல்லை. எத்தனை தடவை அந்தப் புகைபோக்கிக்குக் கீழே நின்றிருப்போம். ஒரு தடவைகூட இல்லை.

அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தார். முகம் மலர்ந்திருந்தது, கூட்டம் நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். கதிர் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னான். அந்தக் கம்பெனி, அந்த நண்பர், ஒரு போன். என்னையும் காட்டிச் சொன்னான். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அப்ளிகேஷன்ல என் பேரை ரெஃபரன்ஸா போடுங்க கதிர். அவங்க என்னைக் கூப்பிட்டா நல்லபடியா சொல்வேன். நானா கூப்பிட மாட்டேன். அது என் பழக்கம் இல்ல."

"அவங்க ரெஸ்யூமே பாக்கற வரைக்கும் டைம் இல்ல சார்."

"டைம் இருந்துச்சே. லேஆஃப்ல உங்க பேரைக் குடுத்ததே நான்தான், உங்ககிட்ட மறைக்க மாட்டேன். அதனாலதான் முன்னாடியே அவ்ளோ பொகை விட்டேன். குளிர் வரும்னு சொன்னேன். பெட்டி வெயிட் பாக்கற மெஷினே வாங்கிக் குடுத்தேன். அதுக்கு மேல என்னப்பா பண்ண முடியும்?"

கதிர் ஆபீஸ் மீட்டிங்கில் நிற்கிற மாதிரி கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அங்கிள்" என்றேன்.

"கம்பெனி ரகசியத்தை எப்படிம்மா சொல்றது? அதுவும் இல்லாம, கப்பல் நகரக் கூடாது."

"நகர்ந்துச்சாம் அங்கிள்" என்றேன். "அந்தத் தீவுல நின்ன கப்பல். அன்னைக்குக் காலைலயே கெளம்பித் தேடப் போச்சாம். இப்பத்தான் அவங்க சொன்னாங்க. நீங்க அதை மட்டும் சொல்லவே இல்ல."

அவர் திகைப்பார், தடுமாறுவார் என்று எதிர்பார்த்தேன். குறைந்தபட்சம் தொண்டையையாவது செருமுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்து, விளிம்பை விரலால் தடவி நேராக்கினார். குரல் ஆரஞ்சுத் தட்டை நீட்டும்போது இருக்கிற அதே கனிவோடு இருந்தது.

"போச்சும்மா. தெரியும். கெடைச்சாளா?"

வயிற்றில் குழந்தை உதைத்தது. அந்த ஆளை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. இதற்கு ஒரு பதில் கதிர் சொல்வான் என்று திரும்பி அவனைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். நாங்கள் தெருவுக்கு வந்தது யாரால் என்று அவர் வாயாலேயே அப்போதுதான் கேட்டவன். கையைக் கோத்தபடியே, பணிவாக, அவன் பதில் சொன்னான்.

"கெடைக்கல சார்."

"அவ்ளோதான்" என்றார் அவர். அவனுடைய தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தைப் பார்க்கப் போனார்.

அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. விமானத்தில் ஏறலாம் என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு நாங்கள் மதுரைக்குக் கிளம்பினோம். மகள் அங்கேதான் பிறந்தாள். சில வருஷம் கழித்து வேறு கம்பெனி, வேறு விசா என்று திரும்பி வந்து இப்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறோம். கதிர் இப்போதும் அந்த விமான நிலையக் கதையை விருந்துகளில் சொல்வதுண்டு. சொல்லும்போது அவரைச் சார் என்றுதான் சொல்கிறான். அன்றைக்கு அந்தக் கப்பலில் எனக்கு வந்த கோபத்தில் பாதி, அந்த ஒரு பதிலோடு அவரை விட்டுவிட்டுக் கதிர் பக்கம் போனது. இன்னும் அவன் மேல்தான் இருக்கிறது. அது அவனுக்குத் தெரியாது.